எட்டுத் தண்ணீர் அரிசி

எங்கள் மாடியில் எதிரெதிராக இரண்டு வீடுகள். ஒன்றில் நானும் என் தையல் மெஷினும். இன்னொன்றில் பெரியகரண்டியும் அவள் புருஷனும் மகளும்.

பெரியகரண்டி என்பது கேன்டீனில் அவளுக்கு வைத்த பெயர். மோட்டார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நானூறு பேருக்குச் சமைப்பவள். ஆள் ஒடிசல். ஆனால் தன் தோளுயரக் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்து அண்டாவுக்குள் விட்டுத் துழாவ ஆரம்பித்தால், பக்கத்தில் நிற்கிற ஆண்பிள்ளைகள் ஓரடி தள்ளித்தான் நிற்பார்கள். அந்தத் தொழிற்சாலைக்குச் சீருடை தைத்துக் கொடுப்பவள் நான். அளவெடுக்கப் போனபோது ஒருமுறை பார்த்திருக்கிறேன். உப்பை அவள் அளந்து போடுவதில்லை. கை நிறைய அள்ளி, ஒரு நொடி கனம் பார்த்து, வீசுவாள். நாக்கில் வைத்துப் பார்ப்பதும் இல்லை. கொதிக்கிற வாசனையிலேயே உப்பு தெரிந்துவிடும் அவளுக்கு.

மழை வரும் வரும் என்று வானம் ஏய்த்துக்கொண்டிருந்த புழுக்கமான வாரம் அது. மதியச் சாப்பாடு முடிந்து நாலு மணிக்குள் அறுபத்து மூன்று பேருக்கு வாந்தி, பேதி. வாசல் காவலர் ஒருவர் பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்தார். நல்லவேளையாக எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். காரணமும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி விரிசல் விட்டு, உள்ளே புறா செத்துக் கிடந்திருக்கிறது. கொதித்த பண்டங்களால் ஒன்றும் வரவில்லை. அந்தத் தண்ணீரில் கழுவி, பச்சையாகப் பரிமாறிய வெள்ளரிக்காயில்தான் வந்தது. சோதிக்க வந்த அதிகாரிகள், சமையல்காரர்கள் மேல் தவறில்லை என்று எழுதி, முத்திரை வைத்துத் தாள் கொடுத்தார்கள். அவள் புருஷன் வேன்காரர் அதை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

அவள் வாசித்துப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

"வெள்ளரிக்காயைக் கழுவினது யாரு? நான்தானே?"

அன்றைக்கு ஆரம்பித்தது. அரிசியை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவுகிறவள் ஐந்து விட்டாள். பிறகு ஆறு. கடைசியில் எட்டுத் தண்ணீர். எட்டாவது தண்ணீரில் மனசு எங்கேயோ போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து. வடித்த சோற்றை முகர்ந்து பார்ப்பாள், அள்ளிக் குப்பையில் கொட்டுவாள். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து, சோப்புப் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், அப்போதும் கழுவுவாள். வேலைக்கு நீண்ட விடுப்பு. வேன்காரர் வெளியில் சாப்பிட்டுக்கொண்டார். பன்னிரண்டு வயது மகள், குருவி என்று கூப்பிடுவோம், அவள் உறை பிரிக்காத பிஸ்கட்டிலும் ரொட்டியிலும் காலம் தள்ளினாள்.

ஒரு நாளைக்கு இருபது தடவை என் கதவு தட்டப்படும்.

"அக்கா, இந்தப் பருப்பைக் கொஞ்சம் மோந்து பாருங்க."

"நல்லாதாண்டி இருக்கு."

"நல்லா இழுத்து மோந்து பாருங்க. புளிச்ச மாதிரி இல்ல?"

"இல்லவே இல்ல. நான் சொல்றேன்ல, பயப்படாம சாப்பிடு."

அவள் முகம் அப்படியே தெளியும். பத்து நிமிஷம். மறுபடி தட்டுவாள். எனக்குச் சலிப்பு வந்ததே இல்லை. பாவம், என்னால் ஆனது இந்த ஒரு வார்த்தை என்று நினைத்துக்கொள்வேன். உண்மையைச் சொன்னால், அந்த வீட்டைத் தாங்கிப் பிடிப்பதே நான்தான் என்று ஒரு நினைப்பும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குருவி என் வீட்டுக்குத் தண்ணீர் குடிக்க வந்தாள். நான் சட்டைக் காலர் மடித்துக்கொண்டிருந்தேன். குழாயடியில் தம்ளர் கழுவுகிற சத்தம் நிற்கவே இல்லை. திரும்பிப் பார்த்தால் குழந்தை உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு கழுவுகிறாள். தண்ணீரைப் பிடித்து, வாய் வரைக்கும் கொண்டுபோய், நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"பெரியம்மா, இது குடிக்கலாமா?"

குரலும் அப்படியே தாயின் குரல். ஊசி காலரில் குத்தியபடி நிற்க, எழுந்தேன். வாசலில் பெரியகரண்டி நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போங்க. என்னோட போகட்டும் இது. அவளுக்கு வேண்டாம்."

வேன்காரர் முன்பே ஒருமுறை அவளைக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கியிருந்த மனநல டாக்டர்தான், மனநல ஆலோசகர் அம்மா ஒருவரின் முகவரியைக் கொடுத்தார். மாத்திரை பாதி, மீதியை இவர்களிடம் பேசித்தான் தீர்க்க வேண்டும் என்றார்.

சாவிக்கடை ஒன்றின் மேல்மாடி. படியேறும்போது கீழே சாவி அறுக்கிற மெஷின் கீச்சென்று கத்தும்; மேலே கதவு சாத்தினால் ஒன்றும் கேட்காது. அறுபது வயதிருக்கும் அம்மா. தடித்த கண்ணாடி, நரைத்த குட்டை முடி, பருத்திச் சட்டை. அறையில் இரண்டு நாற்காலிகள், நேருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்வாக. முகத்தைப் பார்த்துப் பேச முடியாதவர்கள் ஜன்னலைப் பார்த்துப் பேசலாம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐம்பது நிமிஷம் கழித்து வந்தவளிடம் படியிறங்கும்போதே கேட்டேன்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"வெள்ளரிக்காயை எப்படி நறுக்கினேன்னு. வட்டமாவா, நீளமாவான்னு."

"இது ஒரு கேள்வியா?"

அவள் படியில் நின்றுவிட்டாள். "இத்தனை மாசத்துல யாருமே கேக்கலக்கா. உன் தப்பு இல்ல, உன் தப்பு இல்லன்னு எல்லாரும் சொன்னீங்க. அதுக்கு மேல நான் என்ன பேசுறது? இவங்ககிட்ட அன்னைக்குக் காலையில ஆறு மணியிலேர்ந்து சொன்னேன். குழாயைத் திறந்தது, கூடையைக் கழுவினது, எல்லாம். வட்டமாதான் நறுக்கினேன்னு சொல்றப்ப, அவங்களும் அங்க பக்கத்துல நின்னு பாக்கிற மாதிரி இருந்துச்சு."

உள்ளே பேசியதில் அவளாகச் சொன்னதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த அம்மாவிடமிருந்து ஒரு சொல் கறக்க முடியாது. ஒருமுறை, "இவ தேறிடுவாளா?" என்று பெஞ்சிலிருந்து கேட்டேன். "அதை அவங்ககிட்டயே கேளுங்க" என்று புன்னகையோடு உள்ளே போய்விட்டார். எனக்குக் கோபம்கூட வந்தது.

ஐந்தாவது வாரம் அவரே வீட்டுக்கு வந்தார். பெரியகரண்டி சம்மதித்துத்தான். அன்று நல்ல மழை. நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, நேரே சமையலறைக்குப் போய், அடுப்புக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டார். நாங்களும் சுற்றி உட்கார்ந்தோம்.

"அவங்க கேக்குறப்ப நீங்கல்லாம் என்ன பதில் சொல்றீங்க?"

"நல்லா இருக்குன்னு சொல்லுவோம்," என்றார் வேன்காரர்.

"இனிமே அதைச் சொல்லாம இருக்க முடியுமா? கோபமா இல்ல, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டும் இல்ல. பக்கத்துல உக்காந்துகிட்டு, 'தெரியல'ன்னு மட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. "அவ பயத்துல துடிப்பா. ஒரு நல்ல வார்த்தை சொல்றதுல என்னம்மா தப்பு? எனக்குத் தெரியும், அது கெட்டுப்போகலன்னு. தெரிஞ்சதைத் தெரியலன்னு சொல்லணுமா?"

அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு பெரியகரண்டியைப் பார்த்து, "என் கதை ஒண்ணு சொல்லலாமா? பொதுவா சொல்றதில்ல. இன்னைக்கு உபயோகப்படும்னு தோணுது," என்றார். அவள் தலையாட்டினாள்.

"நான் முதல்ல இந்த வேலைக்கு வரல. குடிதண்ணீர் சோதிக்கிற லேப்ல ஒன்பது வருஷம் இருந்தேன். தினமும் குழாய்த் தண்ணியை பாட்டில்ல புடிச்சிட்டு வருவாங்க. அதுல என்ன கிருமி இருக்கு, எத்தனை இருக்குன்னு பாத்து எழுதறது என் வேலை. ரிட்டயர் ஆன ஒருத்தர், தனியா இருக்கிறவர், காலையில எட்டரைக்குப் போன் பண்ணுவார். 'அம்மா, இன்னைக்குத் தண்ணி குடிக்கலாமா?' நான் அன்னைக்கு ரிசல்ட்டைப் பாத்து, 'தாராளமா குடிங்க சார்'னு சொல்லுவேன். ரெண்டு வருஷம். ஒரு நாள் தவறினதில்ல. எனக்கு அதுல ரொம்பப் பெருமை."

மழைச் சத்தத்துக்கு மேலே அவர் குரலை உயர்த்தவில்லை. நாங்கள்தான் குனிந்தோம்.

"ஒரு தடவை நாலு நாள் பயிற்சின்னு வெளியூர் அனுப்பினாங்க. என் சீட்ல இருந்தவர், 'இதுக்கெல்லாம் போன் பண்ணாதீங்க'ன்னு வெச்சிட்டார். நாலு நாள் அந்தப் பெரியவர் குழாய்ப் பக்கமே போகல. பக்கத்து வீட்டுக்காரங்க கதவை உடைச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க."

"போயிட்டாரா?" என்றார் வேன்காரர்.

"பிழைச்சிட்டார். நான் பாக்கப் போனேன். கையில ஊசி குத்தி, பாட்டில் ஏறிக்கிட்டிருக்கு. என்னைப் பாத்ததும் முதல் வார்த்தை, 'இன்னைக்குத் தண்ணி எப்படிம்மா?'"

அவர் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"அன்னைக்குதான் உறைச்சுது. ரெண்டு வருஷமா நான் அவர் பயத்துக்குத்தான் வேளை தவறாம சோறு போட்டு வளத்திருக்கேன். என் லேப்ல இருந்த எல்லாக் கருவியையும் வெச்சு அவருக்கு ஒரு தம்ளர் தண்ணி குடிக்கத் தைரியம் குடுக்க முடியல. அதுக்கு வேற படிப்பு வேணும்னு தோணுச்சு. முப்பத்து நாலு வயசுல, என்னைவிடப் பத்து வயசு சின்னதுங்களோட பெஞ்சில போய் உக்காந்தேன். இருபத்தாறு வருஷம் ஆச்சு. இப்பவும் கிருமியைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுவேன். ஆனா இவங்ககிட்ட மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

நான் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு இருபது தடவை, எத்தனை மாதம்!

பெரியகரண்டி மெதுவாக என் முழங்காலில் கை வைத்தாள். "நீங்க என்னக்கா பண்ணுவீங்க. நான்தானே வந்து தட்டினேன்."

அதற்குப் பிறகு வந்த வாரங்களை எப்படிச் சொல்வது. பயப்படுகிறவற்றையெல்லாம் சின்னதிலிருந்து பெரிசு வரை அவளையே எழுதச் சொல்லியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், நூற்றுக்கு எவ்வளவு பயம் என்று ஒரு எண். அரிசியை மூன்று தண்ணீரோடு நிறுத்துவது, நாற்பது. கதவுப் பிடியைத் தொட்டுவிட்டு ரொட்டி சாப்பிடுவது, அறுபது. அவளைச் செய்யச் சொன்ன எதையும் அந்த அம்மா தானும் கூடவே செய்தார். சமையலறைத் தரையில் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துவிட்டு, அதே கையால் ரொட்டியைப் பிய்த்துத் தின்றார். நானாக இருந்தால் செய்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். மாட்டேன்.

எங்களுக்கும் பாடம் நடந்தது. வேன்காரர் தலையைச் சொறிந்துகொண்டு சொல்வார்: "கல்யாணமாகிப் பதினாலு வருஷமா, எதைக் கேட்டாலும் தெரியலங்கிறியேன்னு திட்டு வாங்கினேன். இப்ப தெரியலன்னு சொல்லலன்னா திட்டு."

குருவி சிரித்து நாளாகியிருந்தது. அதைக் கேட்டுச் சிரித்தாள்.

பட்டியலில் கடைசி வரியைப் பெரியகரண்டியே எழுதியிருந்தாள். 'வெளி ஆள் ஒருத்தருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, அவருக்கு என்ன ஆச்சு என்று கேட்காமல் இருப்பது.' பக்கத்தில் எண், நூறு. யாருக்கு என்று அந்த அம்மா கேட்டாராம். இவள், "உங்களுக்கு" என்றாளாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தார். சோறு, பருப்பு, வறுத்த உருளைக்கிழங்கு. கூடவே, வட்ட வட்டமாக நறுக்கிய வெள்ளரிக்காய். நறுக்கும்போது கத்தி பலகையில் கண்டபடி தட்டிய சத்தம் என் வீடு வரை கேட்டது. ஆனால் கையை ஒருமுறைதான் கழுவினாள். நான் போய் நின்று பார்த்தேன்.

அந்த அம்மா நிதானமாகச் சாப்பிட்டார். வெள்ளரியை ஒவ்வொரு துண்டாக எடுத்து, மென்று, விழுங்கி, தட்டைக் காலி செய்தார். இவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு அவர் தொண்டையையே பார்த்தாள்.

"பருப்புல உப்பு கொஞ்சம் தூக்கல்," என்றார் அவர், கையைத் துடைத்தபடி.

"இருக்கவே இருக்காது!" இவள் சுவரை விட்டு வெளியே வந்துவிட்டாள். "என் கை உப்பைப் பத்தி நானூறு பேர்ல ஒருத்தர் குறை சொன்னதில்ல!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். "அடுத்த செவ்வாய் வழக்கமான நேரத்துக்கு வாங்க. அதுவரைக்கும் நான் போன் பண்ண மாட்டேன். நீங்களும் வேண்டாம். எனக்கு என்ன ஆச்சுங்கிறது உங்களுக்குத் தெரியாது. அந்தத் தெரியாததோட சமைங்க, தூங்குங்க, துணி துவைங்க. ரொம்ப முடியலன்னா அக்கா பக்கத்துல போய் உக்காருங்க."

படியிறங்கும் சத்தம் தெருவில் கலந்து மறைந்ததும் இவள் காலித் தட்டை எடுத்தாள்.

மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள், வெயில் ஏறிய பதினோரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கையில் போன். உதடு வெளுத்துப் போயிருந்தது.

"அக்கா, நீங்க பண்ணுங்க. நான் பண்ணலல்ல? நீங்க சும்மா எப்படி இருக்கீங்கன்னு கேளுங்க. என் பேரைக்கூடச் சொல்ல வேண்டாம்."

எனக்கு மட்டும் பயம் இல்லையா? முந்தின நாளே என் போனில் அந்த எண்ணை எடுத்து, விரலை வைத்து, எடுத்திருந்தேன்.

"பண்ண மாட்டேண்டி."

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல? அதையாவது சொல்லுங்க."

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, ஆகாது என்று. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"தெரியல."

அவள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல மாட்டேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வெறுந்தரையில் உட்கார்ந்தோம். பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று அவள் சொல்லச் சொல்ல, நான் தையல் சாக்குக்கட்டியால் தரையில் எழுதினேன். தொண்ணூற்று ஐந்து. தொண்ணூற்று எட்டு. நூறு. என் மணிக்கட்டை அவள் பிடித்த பிடியில் வளையல் பதிந்தது. நூறு. தொண்ணூறு. வெயில் நகர்ந்து எங்கள் கால்மேல் ஏறியது. எண்பது. யாரோ கீழே சைக்கிளுக்குக் காற்றடித்தார்கள். அறுபத்தைந்து. நாற்பது. யாரும் எந்த ஆறுதலும் சொல்லவில்லை. ஆனாலும் அது இறங்கியது. அவள் ஆச்சரியத்தோடு தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"என்னக்கா இது, தன்னால இறங்குது!"

நானும் அந்தச் சாக்குக்கட்டி எண்களைப் பார்த்தபடி இருந்தேன். எத்தனை மாதமாக நான் வாயால் அணைக்கப் பார்த்த நெருப்பு, சும்மா இருந்தால் தானே அடங்குமாம்.

செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு பேரும் நேரத்துக்கு முன்பே போய்விட்டோம். மேலே கதவில் பூட்டு. சாவிக்கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"அம்மா வரலையே. உடம்பு சரியில்லன்னு போன் வந்துச்சு. வியாழக்கிழமையிலேர்ந்தே வரல. அடுத்த வாரம் பாக்கலாம்னு சொல்லச் சொன்னாங்க."

நான் விரல்விட்டு எண்ணினேன். வியாழக்கிழமை. சாப்பிட்ட மூன்றாம் நாள்.

"உடம்புக்கு என்னவாம்?" நான்தான் கேட்டேன்.

"அது தெரியலம்மா. வேணும்னா நம்பர் இருக்கு, போட்டுத் தரவா?"

அவர் போனை எடுத்துவிட்டார். பெரியகரண்டி அந்த போனையே பார்த்தாள். கை பாதி உயர்ந்தது. சாவி அறுத்த பொடி அவள் செருப்பில் மின்னியது. உயர்ந்த கை மறுபடி கீழே இறங்கியது.

"வேண்டாண்ணே," என்றாள். "அடுத்த வாரம் வர்றோம்."

தெரு முழுக்க அவள் வேகமாக நடந்தாள். இந்தத் தெருமுனையில் உட்கார்ந்து அழுவாள், அந்தத் தெருமுனையில் அழுவாள் என்று நான் தயாராகவே நடந்தேன். வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றி, ஒருமுறை கை கழுவி, அரிசியை எடுத்தாள். மூன்று தண்ணீர். பள்ளிக்கூடம் விட்டு வந்த குருவிக்குத் தட்டு வைத்தாள். அழுதுகொண்டுதான் பரிமாறினாள், கண்ணீர் பாட்டுக்கு வடிந்தது, கை பாட்டுக்குச் சோற்றை அள்ளியது. குருவி அம்மாவையும் தட்டையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் சாப்பிட ஆரம்பித்தாள். வேன்காரர் கதவருகே நின்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க பயம் எவ்வளவு என்ற எண்ணை மட்டும் சொல்ல என்னிடம் வந்தாள். ஒருமுறைகூட போனோடு வரவில்லை.

அடுத்த செவ்வாய் கதவு திறந்திருந்தது. என்னையும் உள்ளே கூப்பிட்டாள். அந்த அம்மா இளைத்திருந்தார். கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று தொங்கியது. கேட்டுவிடு, கேட்டுவிடு என்று மனசுக்குள் நானே அவளைப் பிடித்துத் தள்ளினேன்.

"உடம்பு தேவலையா அம்மா?" என்றாள் அவள்.

"தேவலை," என்றார் அவர்.

அவ்வளவுதான். அவர் காத்திருந்தார். மேலே ஒரு கேள்வி வந்தால் என்ன செய்வார் என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. இவள் சாய்வாகப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் ஜன்னலைப் பார்க்கவில்லை, நேராக அவர் கண்ணைப் பார்த்தாள். அந்த அறையில் அந்தக் கேள்வி நாலாவது ஆள் மாதிரி இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. இரண்டு பெண்களும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படி அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். வாழ்நாளில் அவ்வளவு பெரிய தைரியத்தை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

"திங்கக்கிழமையிலேர்ந்து கேன்டீனுக்கு வர்றேன்னு சொல்லிட்டேன்," என்றாள் அவள் கடைசியில்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க நேரம் பிடித்தது.

கீழே இறங்கியதும் என்னால் தாங்க முடியவில்லை. அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏண்டி, நம்ம சாப்பாட்டாலதான் வந்துச்சான்னு உனக்குத் தெரிஞ்சுக்கணும்னு இல்லையா?"

"இல்லாமயா? இப்பவும் எழுபது இருக்கும்." அவள் பையை உதறி விரித்தாள். "அது பாட்டுக்கு இருக்கட்டும்கா. வாங்க, கடை மூடறதுக்குள்ள காய் வாங்கணும்."

சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அந்த அம்மாவுக்கு அது எதனால் வந்தது என்று எனக்கும் இன்றுவரை தெரியவில்லை.